வைஃபைக்கு ஓடிபி வந்த கதை

சென்னை சென்ட்ரலில் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது. செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் நிலையத்தின் இலவச வைஃபையான ரயில்வயரின் பெயர் தெரிகிறது; பக்கத்தில் பூட்டுப் படம் இல்லை. தொட்டதும் ஒரு பக்கம் விரிந்து மொபைல் எண் கேட்கிறது. எண்ணைப் போட்டால் எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருகிறது. அதைத் தட்டிய பிறகுதான் இணையம். இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு இவ்வளவு சடங்கு என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால், "எல்லாம் நம்ம சேஃப்டிக்குத்தான் சார்" என்பார்.

பாதுகாப்புக்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பாதுகாப்புக்கு அல்ல. அந்த ஓடிபி உங்கள் பாஸ்வேர்டைக் காப்பாற்றாது, உங்கள் செய்தியை யாரும் எட்டிப் பார்க்காமல் மறைக்காது. நாளை ஏதாவது வில்லங்கம் என்றால் அந்த நேரத்தில் அந்த இணைப்பில் இருந்தது நீங்கள்தான் என்று காட்டுவது ஒன்றே அதன் வேலை. அது பிறந்த விதம் அப்படி. பிறந்தது 2009 பிப்ரவரியில், தொலைத்தொடர்புத் துறையின் ஒரு சுற்றறிக்கையில். கருவானது அதற்கு ஏழு மாதம் முன்பு, நவி மும்பையின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். குறைமாதக் குழந்தைதான், வளர்ந்த பிறகும் அந்தக் குறை தெரிகிறது.

அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்புகள் போன்றவை இரைச்சல் எழுப்பிக்கொண்டிருந்த, யாரும் பெரிதாகச் சீந்தாத அலைவரிசைகளை உரிமம் இல்லாத வானொலிக் கருவிகளுக்குத் திறந்துவிட்டது. 1997இல் அதற்கான தொழில்நுட்பத் தரம் வந்தது. 1999இல் வேகம் கூடி, வைஃபை என்ற விற்பனைப் பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறகு ரௌட்டர்கள் கடைக்கு வந்தன. வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய் பிளக்கில் மாட்டியதும் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அதனால் பல கம்பெனிகள் பூட்டைத் திறந்த நிலையிலேயே ரௌட்டரை அனுப்பின. பூட்டு உள்ளே இருந்தது. அதைப் போடுவது வாங்கியவர் பாடு. போட்டவர்களும் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. டபிள்யூஇபி என்ற அந்த முதல் பூட்டை எப்படி உடைப்பது என்று 2001இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதிக் காட்டிவிட்டார்கள்.

திறந்த வைஃபையைத் தேடி லேப்டாப்போடு காரில் சுற்றுவது அந்தக் காலத்தில் ஒரு பொழுதுபோக்கு. 2002இல் லண்டனில் மாட் ஜோன்ஸ் என்பவர், எங்கே இணைப்புக் கிடைக்கும் என்பதைச் சுவரிலும் நடைபாதையிலும் சாக்பீஸால் குறித்து வைக்க ஒரு குறியீட்டு வரிசையே உருவாக்கினார். திறந்திருந்தால் இரண்டு அரைவட்டங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். மூடியிருந்தால் முழு வட்டம். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. சுவரில் நிஜமாகவே வரைந்தவர்களைவிட அதைப் பற்றி எழுதியவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

நம்மூரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. பிஎஸ்என்எல் பிராட்பேண்டும் அந்தச் சமயத்தில்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. மாதம் இவ்வளவு எம்பி என்று கணக்கு. தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு பைசா என்று தனியாகத் தீட்டுவார்கள். இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை வரம்பில்லை என்ற திட்டம் ஒன்று இருந்ததால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டு மறுபடி தூங்கிய தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொண்டு ஒரு படம் இறக்கினால் அந்த வீட்டுக்காரர் பில்லில் அது பணமாகவே வந்து நின்றது. 'யாருக்கும் நஷ்டமில்லையே' என்ற வாதம் அன்றைக்கு எடுபட்டிருக்காது.

2008 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் டிவி சேனல்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது: முடிந்தால் தடுத்துப் பாருங்கள் என்ற தொனியில். அனுப்பியவர்கள் தங்களை இந்தியன் முஜாஹிதீன் என்று சொல்லிக்கொண்டார்கள். போலீஸ் அந்த மின்னஞ்சலின் ஐ.பி. முகவரியைப் பிடித்து, இணைய நிறுவனத்திடம் கேட்டு, நவி மும்பை சான்பாடாவில் ஒரு ஃபிளாட்டின் கதவைத் தட்டியது. கதவைத் திறந்தவர் ஓர் அமெரிக்கர். வேலைக்காக இங்கே குடும்பத்தோடு தங்கியிருந்தவர்.

ஐ.பி. முகவரி என்பது கதவு எண் மாதிரி. கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லும், வீட்டுக்குள் யார் எழுதினார் என்று சொல்லாது. இணைய நிறுவனம் ஓர் இணைப்புக்குப் பொதுவாகக் கொடுப்பது ஒரே ஒரு வெளி முகவரி. வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப், செல்போன், டிவி எல்லாவற்றுக்கும் ரௌட்டரே ஆளுக்கொரு உள் எண்ணைக் கொடுத்து, எல்லாருடைய போக்குவரத்தையும் அந்த ஒற்றை வெளி முகவரியின் பேரிலேயே அனுப்புகிறது. எந்த உள் எண்ணிலிருந்து எந்தச் செய்தி போனது என்ற கணக்கு ரௌட்டரின் நினைவில் கொஞ்ச நேரம்தான் தங்கும். வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலும் கரண்ட் போய் வந்தால் அதுவும் அழிந்துவிடும். ஆக, வெளியே நின்று தேடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் இணைப்புக்குப் பணம் கட்டுகிறவரின் பெயர்.

அந்த அமெரிக்கரின் வைஃபைக்குப் பூட்டு இல்லை. சிக்னலுக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. மாடிப்படியிலோ கீழே வண்டி நிறுத்துமிடத்திலோ உட்கார்ந்து எவரும் ஒட்டிக்கொள்ளலாம். தான் அனுப்பவில்லை என்று அவர் சொன்னார். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? விசாரணை, கம்ப்யூட்டர் பறிமுதல், செய்திகளில் பெயர், படம் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை என்றே ஆனது.

அடுத்த மின்னஞ்சல் ஆகஸ்டில் மும்பை மாதுங்காவின் கால்சா கல்லூரி இணைப்பிலிருந்து வந்தது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து. ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டினால் உள்ளே ஒன்றும் தெரியாத ஆள். லேப்டாப்போடு மும்பைத் தெருக்களில் சுற்றி, பூட்டில்லாத வைஃபையாகப் பார்த்துப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகு புரிந்தது. அந்த வேலையைச் செய்ததாக அக்டோபரில் கைதானவர்களில் ஒரு மென்பொருள் பொறியாளரும் இருந்தார். லண்டனில் சாக்பீஸ் விளையாட்டாக இருந்த அதே வித்தைதான்.

நவம்பரில் 26/11 மும்பைத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு எந்த அதிகாரிக்கும் பொறுமை இல்லை. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ், திறந்த வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்க்கப் போவதாக அறிவித்தது. பூட்டில்லாமல் கண்டால் உரிமையாளருக்கு நோட்டீஸ். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, அதாவது குற்றம் நடக்குமுன் தடுக்கப் போலீசுக்கு உள்ள பொதுவான அதிகாரம், கைக்கு உதவியது. வைஃபையைத் திறந்து வைப்பதே குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் எதுவும் அன்றைக்குக் கையில் இல்லாததால்தான் இந்தச் சுற்றுவழி.

பிப்ரவரி 23 அன்று தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு வந்தது, இணைய நிறுவனங்களுக்கு. உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் வைஃபை கொடுக்கிறவர்கள் இன்னின்னபடி கொடுக்க வேண்டும் என்ற விதிகள். வீட்டு ரௌட்டர்களைப் பற்றியும் பேச்சு உண்டு. ஆனால் வேர்விட்டது பொது இடங்களுக்கான பகுதிதான். பொது இடத்தில் வந்து போகிறவருக்கு இணைப்புக் கொடுக்க இரண்டே வழி. ஒன்று, புகைப்பட அடையாள அட்டையின் நகலை வாங்கி ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு, லாகின் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர் செல்போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, அந்த எண்ணையே அவருடைய அடையாளமாக வைத்து, அதை ஓராண்டு பாதுகாக்க வேண்டும்.

இரண்டாவது வழியில்தான் சூட்சுமம். சிம் வாங்கும்போதே புகைப்படமும் முகவரிச் சான்றும் கொடுத்திருக்கிறோம். அதைத் திரட்டிச் சரிபார்த்து அலமாரியில் அடுக்கும் வேலையைச் செல்போன் கம்பெனி முன்பே முடித்துவிட்டது. ஆக, காபி கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷின் வைக்க வேண்டியதில்லை. எண்ணை வாங்கினால் ஆளையே வாங்கிய மாதிரி. ஆனால் எண்ணை மட்டும் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம். அது கையில் இருக்கும் போனின் எண்தானா என்று பார்க்க ஒரு சோதனை வேண்டும் அல்லவா? அந்தச் சோதனைதான் எஸ்எம்எஸ்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது தேதி. இந்த உத்தரவுக்கு ஐந்தே நாள் முன்பு, பிப்ரவரி 18 அன்று, ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தும்போது கார்டில் அச்சடித்த எண்கள் போதாது, கூடுதலாக இன்னொரு சரிபார்ப்பு வேண்டும், ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம் என்று. கார்டுக்கான ஓடிபி பிறகு பரவியது அந்த வழியில். இரண்டும் ஒரே வாரத்தில் வேரூன்றியவை, ஒரே மாதிரி எஸ்எம்எஸ்ஸாக நம் போனில் வந்து விழுகின்றன. வங்கியின் ஓடிபி உங்கள் பணத்துக்குக் காவல். வைஃபையின் ஓடிபி உங்கள் மேல் வைக்கும் ஒரு கண். முன்னதைப் பார்த்துப் பழகிய நாம் பின்னதையும் அதே நம்பிக்கையோடு தட்டுகிறோம். ரயில் நிலையத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன 'சேஃப்டி' அங்கிருந்துதான் வருகிறது.

பிரவுசிங் சென்டர் நோட்டு நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெயர், ஊர், நேரம், கையெழுத்து. 2011இல் மத்திய அரசு அதற்கும் விதி போட்டது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. நாலரை அடி! பலகையின் உயரம் வரை யோசித்திருக்கிறார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. நோட்டு மட்டும் ஓடிபி ரூபத்தில் வைஃபைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சரி, மொபைல் எண் கேட்கும் அந்த லாகின் பக்கம் எப்படி வேலை செய்கிறது? பூட்டில்லாத வைஃபையில் உங்கள் போன் ஒட்டியதும் ஒரு சின்னச் சோதனை செய்யும். தனக்குத் தெரிந்த ஒரு முகவரியைக் கூப்பிட்டு, எதிர்பார்த்த பதில் வருகிறதா என்று பார்க்கும். வைஃபையின் வாசலில் இருக்கும் கருவி அந்த அழைப்பை வழியிலேயே மறித்து, பதிலுக்குத் தன் லாகின் பக்கத்தை நீட்டும். எதிர்பார்த்தது வரவில்லை என்றதும் 'இங்கே லாகின் செய்ய வேண்டும் போலிருக்கிறது' என்று போன் அந்தப் பக்கத்தை உங்கள் முன் திறக்கும். ஓடிபி சரி என்றானதும் வாசல் கருவி உங்கள் போனின் மேக் முகவரி என்ற அடையாள எண்ணைத் தன் பட்டியலில் குறித்துக்கொண்டு வழிவிடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. உங்கள் போனுக்கும் ரௌட்டருக்கும் இடையே காற்றில் போகிற அலை, ஓடிபிக்கு முன்பு எப்படி மறையாக்கம் இல்லாமல் இருந்ததோ பின்பும் அப்படியே இருக்கிறது. அதே பிளாட்பாரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறவருக்கு அது கேட்கும்.

அது எவ்வளவு சுலபம் என்பதை 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க மென்பொருளாளர் ஊருக்கே காட்டினார். ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு துணை நிரல். அதை வைத்துக்கொண்டு காபி கடையில் உட்கார்ந்தால், அதே திறந்த வைஃபையில் ஃபேஸ்புக் பார்க்கிறவர்களின் பெயரும் படமும் வரிசையாக வரும். ஒன்றை இரண்டு முறை தட்டினால் அவர் கணக்குக்குள் நீங்கள். பாஸ்வேர்டே தேவையில்லை. அன்றைக்குப் பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று சொல்லும் குக்கியை வெட்டவெளியில் அனுப்பிக்கொண்டிருந்தன. தளங்களை வெட்கப்பட வைப்பதுதான் பட்லரின் நோக்கம், நடந்தது. ஜிமெயில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே முழுதும் ஹெச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க முறைக்கு மாறியிருந்தது, ஃபேஸ்புக் 2013க்குள் எல்லாரையும் மாற்றியது. இன்று வங்கி, மின்னஞ்சல், வாட்ஸப் எல்லாம் போனிலேயே மறையாக்கம் ஆகித்தான் வெளியே கிளம்புகின்றன. ஸ்டேஷன் வைஃபையில் நாம் ஓரளவு பிழைத்துக் கிடப்பது இதனால்தான், ஓடிபியால் அல்ல.

இன்னும் மிச்சமிருக்கும் ஆபத்து வேறு மாதிரி. வைஃபையின் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் குடியிருப்பில் 'போலீஸ் வேன் 2' என்று ஒருவர் வைத்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அதேபோல ஸ்டேஷன் வைஃபையின் பெயரையே தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். பூட்டில்லாத வைஃபையில் உங்கள் போனுக்கு அசலும் போலியும் ஒன்றுதான். முன்பு சேர்ந்த பெயர் என்றால் கேட்காமலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அவர் நீட்டும் லாகின் பக்கம் எண்ணோடு நிற்காமல் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, ஆதார், கார்டு விவரம் என்று கேட்கலாம். எண் கேட்கும் பக்கத்துக்கு நம்மை அரசாங்க விதியே பழக்கிவிட்டதால் அதற்கு மேல் இரண்டு கேள்வி கேட்டாலும் கை தானாகத் தட்டிவிடும். என் பார்வையில் இந்த ஓடிபி முறை செய்த பெரிய கெடுதல் இந்தப் பழக்கம்தான். வைஃபை வேலை முடிந்ததும் அந்தப் பெயரை 'மறந்துவிடு' என்று போனுக்குச் சொல்லிவிடுவது நல்லது. சான்றிதழில் சிக்கல் என்று பிரவுசர் எச்சரித்தால் 'பரவாயில்லை' என்று மேலே போகக் கூடாது.

மறையாக்கமும் வேண்டும், பாஸ்வேர்டும் வேண்டாம் என்றால் அதற்கும் 2018 முதல் வழி இருக்கிறது. திறந்த வைஃபையிலேயே ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி சாவி உண்டாக்கும் ஏற்பாட்டை வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்தது. ஒட்டுக்கேட்கிறவருக்கு அது தடை. நம் விதிகளில் அதைக் கட்டாயம் ஆக்கும் ஆர்வம் தென்படவில்லை. எண் வாங்குவதில்தான் எல்லாக் கவனமும்.

அந்த எண்ணால் வந்த தொல்லையும் கொஞ்சமல்ல. இந்திய சிம் இல்லாமல் விமானத்திலிருந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, சிம் வாங்கும் வழியைத் தேட இணையம் வேண்டும்; இணையத்துக்கு சிம் வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி லாகின் குறியீடு வாங்கும் இயந்திரங்களை விமான நிலையங்கள் வைக்க வேண்டி வந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி திட்டம், ஒருமுறை ஆப்பில் அடையாளம் காட்டினால் பிறகு எந்தக் கடை வைஃபையிலும் சேரலாம் என்றது. வைஃபை விற்கும் கடைக்கு பிடிஓ என்று பெயர், மஞ்சள் போர்டு பிசிஓவின் வாரிசாக. உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். சடங்கு சுருங்கியது, அடையாளம் கேட்பது மாறவில்லை.

ஐரோப்பாவும் வேறு சாலையில் கிளம்பி இதே இடத்துக்குத்தான் வந்தது. அங்கே காரணம் வெடிகுண்டு அல்ல, பாட்டு. ஜெர்மனியில் ஒருவர் விடுமுறைக்குப் போயிருந்த நேரத்தில் வேறு யாரோ அவர் வைஃபை வழியாகப் பாட்டைப் பகிர்ந்ததற்கு, சரியாகப் பூட்டாத பொறுப்பு அவருக்கு உண்டு என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைக்காரர்கள் பயந்து வைஃபையை மூடினார்கள். மியூனிக் பக்கத்தில் ஒரு கடைக்காரர் வழக்காடி 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். இழப்பீடு அவர் தர வேண்டியதில்லை, ஆனால் அடையாளம் வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு கொடுக்கும்படி அவருக்கு உத்தரவிடலாம் என்று தீர்ப்பு. 2017இல் ஜெர்மனி சட்டத்தைத் தளர்த்தியது.

இனி, அடுத்தவர் வைஃபையில் சும்மா ஒட்டிக்கொள்வது. 2005இல் லண்டனில் ஒரு வீட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்து வைஃபை பிடித்தவருக்கு 500 பவுண்டு அபராதம். 2007இல் சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு இணைப்பைப் பயன்படுத்திய 17 வயதுப் பையனுக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. கம்ப்யூட்டர் துஷ்பிரயோகச் சட்டப்படி மூன்றாண்டு சிறை வரை போயிருக்கலாம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 2007இல் ஒருவர் குற்றவாளி. 2010இல் அதே மாதிரி வழக்கில் அதே ஊர் நீதிமன்றங்கள் இது குற்றமே இல்லை என்றன. நீதிபதிகளுக்கே குழப்பம்.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கை அதன் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அணுகினால் இழப்பீடு தர வேண்டும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு வரும்: மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பூட்டவில்லை என்பதே அனுமதி ஆகிவிடுமா? சட்டத்தின் வாசகத்தில் அப்படிச் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் என்றுதான் இருக்கிறது, பூட்டை உடைத்து என்று இல்லை. காபி கடையில் பெயரெழுதி மாட்டிய வைஃபை, வாடிக்கையாளருக்குக் கொடுத்த அனுமதி. எதிர்வீட்டு மாடியில் பூட்டில்லாமல் தெரிவது மறதி. இரண்டும் ஒன்று என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே சமயம், வழி தெரியாமல் மேப் பார்க்க ஒரு நிமிடம் ஒட்டிக்கொண்டவரை 66க்குள் இழுப்பதும் அபத்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓசி வைஃபையில் ஒட்டுகிறவர் தனக்கு லாபம் என்று நினைக்கிறார். அந்த வீட்டு ரௌட்டர் யார் கையில் இருக்கிறது, அதில் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதையாவது ரௌட்டர்காரர் பார்க்கலாம்.

ரௌட்டர்காரர் நிலைமையோ 2008இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டு வைஃபைக்கு ஓடிபி கிடையாது. இணைய நிறுவனத்தின் பதிவில் இருப்பது பணம் கட்டுகிறவர் பெயர் ஒன்றே. வாடகைக்கு விட்ட மாடி போர்ஷன்காரரோ, பேயிங் கெஸ்டோ, திருவிழாவுக்கு வந்த மச்சினன் பையனோ அனுப்பியது எல்லாம் அவர் பெயரிலேயே போகும். தாராளமாகக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது பெரும்பாலான ரௌட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. வீட்டுக் கேமராவும் பிரிண்டரும் அதில் சேர்ந்தவருக்குத் தெரியாதபடி ஒதுக்கி வைக்கலாம். மச்சினன் பையன் ஊருக்குப் பஸ் ஏறியதும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், அக்காவிடம் சொல்ல வேண்டியதுகூட இல்லை.